அடுத்து என்ன? - 14: அப்பத்தாவைத் தொட்ட 23 பேர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் போனுக்கு ஓய்வே கிடையாது. பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. "பாப்பா, இவ 600-க்கு 478 எடுத்திருக்கா, என்ன படிக்கவைக்கலாம்?" என்று பெரியம்மா கேட்பார். "நம்ம பய பயாலஜில பாஸாயிட்டான், ஆனா நீட்டு எழுதல, அவ்ளோதானா?" என்று மாமா கேட்பார். இந்த முறை அந்த போன்களை எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் எடுத்தேன்.

காரணம், எங்க அப்பத்தா. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. அதிகாலையில் ஆட்டுக்குத் தழை போடக் கொல்லைப் பக்கம் போனவர், வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. லீவு போட்டுவிட்டு ஓடினேன். அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். துணைக்கு என் சித்தி மகள். அவளும் இந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

நிருபர் வேலையின் பழக்கதோஷம், சும்மா உட்காரத் தெரியாது. அப்பத்தாவைக் கவனித்துக்கொண்டவர்கள் யார், அவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று போனில் குறித்துக்கொண்டே வந்தேன். டிஸ்சார்ஜ் அன்று எண்ணிப் பார்த்தால் 23 பேர். அதில் டாக்டர்கள் நான்கே நான்கு பேர்.

மீதி 19 பேரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அதைவிட முக்கியமாக, அந்த 19 பேரில் ஒருவராக ஆசைப்பட்டு, தவறான வாசலில் போய் நின்ற இரண்டு பெண்களைப் பற்றி.

விழுந்த இடத்திலிருந்து வார்டு வரை

முதலில் வந்தது 108. தமிழ்நாட்டில் 2008-ல் இருந்து ஓடுகிற வண்டி. ஓட்டுநர் ஓர் அண்ணன், கூடவே மருத்துவ உதவியாளராக ஓர் அக்கா. ஆளாளுக்கு அப்பத்தாவைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், "யாரும் தூக்காதீங்க, கால அசைக்காதீங்க" என்று அந்த அக்கா அதட்டியதுதான் அன்றைக்கு நடந்த முதல் வைத்தியம். இந்த வேலைக்கு நர்சிங், லேப் டெக்னீஷியன் படித்தவர்களையும் உயிரியல் சார்ந்த பட்டதாரிகளையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்போது விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று தனி பி.எஸ்சி படிப்பே இருக்கிறது.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர். அங்கிருந்து இ.சி.ஜி. எடுத்தவர் ஒருவர், எக்ஸ்ரே எடுத்தவர் ஒருவர், ரத்தம் எடுத்துப் பரிசோதித்த லேப் டெக்னீஷியன் ஒருவர். எலும்பு டாக்டர்கள் இரண்டு பேர் வந்து, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டைக்கான வேலைகளைப் பார்த்துக்கொடுத்தவர் ஒருவர், ரத்த வங்கியில் ஒருவர், மருந்து கொடுத்த பார்மசிஸ்ட் ஒருவர்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னை விடவில்லை. யார் யார் இருந்தார்கள் என்று பிறகு கேட்டுக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர், அவருக்கு உதவியாக மயக்கவியல் டெக்னீஷியன், தியேட்டர் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன். வெளியே வந்த பிறகு வார்டில் ஷிஃப்ட் மாற்றி மாற்றி நான்கு நர்ஸ்கள், வார்டைச் சுத்தமாக வைத்திருந்த ஓர் அம்மா.

இருபத்து மூன்றாவது ஆள்தான் அப்பத்தாவுக்குப் பிடித்த ஆள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வந்து, "பாட்டி, எந்திரிங்க, நிப்போம்" என்றார் ஓர் இளைஞர். அப்பத்தா அலறிவிட்டார். "காலு ஒடிஞ்சவள நிக்கச் சொல்றியே, நீயெல்லாம் டாக்டராப்பா?" என்றார். "இல்ல பாட்டி, நான் பிசியோதெரபிஸ்ட். படுத்தே இருந்தா நெஞ்சுச் சளி கட்டும், காலுல ரத்தம் உறையும். என் கையப் புடிங்க" என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் நின்றார் அப்பத்தா. மூன்றாம் நாள் நான்கு எட்டு வைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "ஆத்தா, அந்தப் பிசியோ தம்பிகிட்ட சொல்லிட்டு வருவோம்" என்று நின்றுவிட்டார். எங்கள் ஊரில் இடுப்பு ஒடிந்த கிழவிகள் யாரும் அதற்குப் பிறகு எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எங்கள் தெருவில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

'நான் நர்சிங் சேர்ந்துட்டேன்க்கா'

இரண்டாம் நாள் ராத்திரி. அப்பத்தா தூங்கிவிட்டார். வார்டு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து பி.பி. பார்ப்பதையே என் சித்தி மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நானும் நர்சிங் சேர்ந்துட்டேன். 5,000 ரூபா அட்வான்ஸ் கட்டியாச்சு."

எனக்கு ஒரே ஆச்சர்யம். கவுன்சலிங் விண்ணப்பமே இன்னும் வரவில்லையே! எங்கே என்று கேட்டேன். பக்கத்து டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு இன்ஸ்டிடியூட். ஒரு வருட நர்சிங் டிப்ளமோ. "நூறு சதவிகிதம் வேலை உறுதி" என்று நோட்டீஸ். பள்ளிக்கூட வாசலிலேயே வந்து கொடுத்தார்களாம்.

"பி.எஸ்சி நர்சிங் நாலு வருஷமாமே அக்கா. இது ஒரே வருஷம். சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்ல?"

அவள் சொன்ன கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. சித்தப்பா கொத்தனார் வேலை பார்க்கிறவர். கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். நான்கு வருடம் என்பது அந்த வீட்டுக்குப் பெரிய தூரம்.

பி.பி. பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் காதில் இது விழுந்துவிட்டது. திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சர்டிபிகேட்ட வச்சு கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமான்னு கேட்டியாம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்த உடனே வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏனென்றால் எனக்கு மேலத்தெரு அக்கா ஞாபகம் வந்துவிட்டார்.

நான் நிரப்பிக் கொடுத்த ஃபாரம்

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, மேலத்தெரு அக்கா பிளஸ் டூ முடித்தார். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதே போல ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டின் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். "நம்ம தெருவுல மொத நர்சு" என்று அவருடைய அம்மா எனக்கு முறுக்கு கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. தோட்டை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் இன்றைக்கும் வேலை பார்க்கிறார். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, பில் போடுவது, கூட்டுவது எல்லாமே அவர்தான். மாதம் 9,000 ரூபாய்.

"கைக்கு எல்லா வேலையும் வரும்டி. ஆனா பேப்பர்ல நான் நர்சு இல்ல" என்றார். அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு முறை விண்ணப்பிக்கப் போயிருக்கிறார். அதில் கவுன்சில் பதிவு எண் என்று ஒரு கட்டம். அதில் எழுத எதுவும் இல்லாமல் திரும்பிவிட்டார். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அதே கேள்விதான். வெளிநாட்டு வேலை என்று யாரோ ஆசை காட்ட, அங்கேயும் அதே கேள்வி.

"அப்பவே ஒரு ஆள், இதக் கேட்டுப் பாரும்மான்னு சொல்லிருந்தா போதும்டி. மார்க்கு இருந்துச்சு எனக்கு."

அக்கா எடுத்திருந்த மதிப்பெண்ணுக்கு அன்றைக்கு அரசுக் கல்லூரி கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருக்கவாவது செய்திருக்கலாம். அப்படி ஒரு கவுன்சலிங் நடப்பது அவருக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரியாது, ஃபாரம் நிரப்பிக் கொடுத்த எனக்கும் தெரியாது. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது அந்த நோட்டீஸ் மட்டும்தான்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவத் துறையில் ஆசை இல்லை என்றோ, மார்க் இல்லை என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான தகவலுக்கு முன்னால் நோட்டீஸ் வந்து சேர்ந்துவிடுகிறது. பிரச்னை அங்கேதான்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்

அந்த வார்டு சிஸ்டரிடமும் பிசியோ தம்பியிடமும் பேசி, விதிமுறைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று கேள்விகளாகச் சுருக்கியிருக்கிறேன். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்தப் படிப்பை அங்கீகரித்தது யார்? நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில். பார்மசி என்றால் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா. காது கேட்புத்திறன், பேச்சுப் பயிற்சி சார்ந்த படிப்பு என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில். தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்சிங், பார்மசி, துணை மருத்துவப் பட்டப்படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. கல்லூரியின் பெயர் அந்தந்த அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போர்டில் எழுதியிருப்பது பதில் ஆகாது. எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

இரண்டு, படித்து முடித்ததும் எந்த கவுன்சிலில் பதிவு கிடைக்கும்? நர்ஸாக வேலை பார்க்கத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். பார்மசிஸ்ட்டுக்குப் பார்மசி கவுன்சில் பதிவு வேண்டும். 1948-ம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை படுக்கைகள்? வகுப்பறையில் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகுவது மட்டும் போதாது. நோயாளிகள் இருக்கும் மருத்துவமனையில் பயிற்சி இல்லாத மருத்துவப் படிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

என் தங்கை இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு அந்த மாடி இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாள். நானும் கூடவே போனேன். முதல் கேள்விக்கு ஒரு சான்றிதழைக் காட்டினார்கள். அது ஏதோ ஒரு டிரஸ்ட்டின் பதிவுச் சான்றிதழ். இரண்டாவது கேள்விக்கு, "நீங்க யாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்கவே தேவை இருக்கவில்லை. 5,000 ரூபாயில் பாதிதான் திரும்பி வந்தது. போனால் போகட்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

நீட் இல்லாமல் என்னவெல்லாம் இருக்கு?

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா போன்ற படிப்புகளுக்கு நீட் தேர்வு வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. டாக்டர் கனவு இருப்பவர்கள் அதை விட வேண்டாம்.

ஆனால் பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்கும் பெரும்பாலான துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங் நடந்துவருகிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பங்களை வாங்குகிறது. விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டை ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

படிப்புகளின் பெயர்களை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. யாருக்கு என்ன வேலை என்று பார்ப்போம்.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் மெஷினோடு இணைந்திருப்பார். அந்த நான்கு மணி நேரமும் அவரைக் கவனிப்பவர் டயாலிசிஸ் டெக்னீஷியன். இதய ஆபரேஷன் நடக்கும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஒரு மெஷின் ஓடும். அதை ஓட்டுபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சைக் கண்காணிப்பவர் சுவாச சிகிச்சை வல்லுநர். இரண்டு வயதாகியும் பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதித்து, பேசப் பழக்குபவர் ஆடியாலஜிஸ்ட். போர்டு தெரியாமல் கடைசி பெஞ்சில் 'மக்கு' என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் பையனுக்கு, கண்ணில்தான் குறை என்று கண்டுபிடிப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட்.

இவற்றில் பல படிப்புகள் மூன்று ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டு பயிற்சி என்ற கணக்கில் இருக்கின்றன. பி.எஸ்சி நர்சிங் நான்கு ஆண்டுகள். டி.பார்ம் இரண்டு ஆண்டுகள். அதாவது 'சீக்கிரம் வேலைக்குப் போகணும்' என்ற வீட்டுக்கும் முறையான, அங்கீகாரம் உள்ள வழி இருக்கிறது. ஒரு வருட மாடிப் படிப்பு ஒன்றுதான் வழி என்பதில்லை.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நர்சிங், துணை மருத்துவம் என்று ஆசை இருந்தால் பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் இருக்கும் குரூப்பை எடுங்கள். அல்லது தாவரவியல், விலங்கியல் இருக்கும் குரூப். பார்மசிக்கு மட்டும் உயிரியலுக்குப் பதில் கணிதம் இருந்தாலும் போகலாம். குரூப் எடுக்கும் நாளில் நடக்கும் தவறை இரண்டு வருடம் கழித்துத் திருத்துவது கஷ்டம்.

'பொட்டப்புள்ளைய நைட் டூட்டிக்கு அனுப்புறதா?'

சித்தி கேட்ட கேள்வி இது. உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். நான் பதில் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே சித்தியை அந்த வார்டு சிஸ்டரிடம் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அவரும் கறம்பக்குடி பக்கம் ஒரு கிராமத்துக்காரர்தான்.

"நைட் டூட்டி கஷ்டந்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றுதான் அவர் ஆரம்பித்தார். "காலு வலிக்கும். பண்டிகை அன்னைக்கு வீட்ல இருக்க முடியாது. சில நாள் கண்ணு முன்னாடியே உசுரு போகும், அன்னைக்குச் சாப்பாடு எறங்காது. ஆனா என் சம்பளத்துலதான் தம்பி இன்ஜினீயரிங் படிச்சான். எங்க வீட்ல இப்ப எந்த முடிவா இருந்தாலும் என்னையும் ஒரு வார்த்த கேக்குறாங்க" என்றார். சித்தி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்த சிஸ்டர் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

பெண்களுக்கு நைட் டூட்டி பயம் என்றால், பையன்களுக்கு வேறு பயம். 'ஆம்பளப் பய நர்ஸாகுறதா' என்ற கேலி. 108-ல், ஐ.சி.யூவில், எலும்பு முறிவு வார்டில் நோயாளியைத் தூக்கிப் புரட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் ஆண் செவிலியர்கள் இருக்கிறார்கள். எங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் பெண் நர்ஸ் முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு, சொல்ல வேண்டிய உபாதையைச் சொல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

மூன்றாவது பயம் இங்கிலீஷ். இது எனக்கும் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இதழியல் டிப்ளமோ சேர்ந்த முதல் மாதம், வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. பிசியோ தம்பியும் தமிழ் மீடியம்தான். "மொத செமஸ்டர்ல எலும்பு பேரெல்லாம் லத்தீன் மாதிரி இருந்துச்சுக்கா. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது நெசமாவே லத்தீன்தான்னு. இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் அது புதுசுதான்!" என்று சிரித்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகள் என்று நோட்டுப் போட்டுப் படித்தாராம். கிராமத்து நோயாளியிடம் அவர் மொழியிலேயே பேசத் தெரிந்தது பின்னால் பெரிய பலமாக இருந்தது என்கிறார்.

ஊர்ப் பிள்ளைகளை நம்பியவர்கள்

கிராமத்துப் பிள்ளைகளால் முடியுமா என்பதற்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளி முடித்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, கண் மருத்துவ உதவியாளர்கள் ஆக்குகிறது. பார்வைப் பரிசோதனை முதல் ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் மலைவாழ் மக்களுக்காக ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ்களைத் தேடாமல், அந்த மலைக் கிராமங்களின் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவமும் பச்சிளம் குழந்தை பராமரிப்பும் அவர்கள் கைக்கு வந்தன. கிராமப் பின்னணி கொண்ட மாணவர்களை மருத்துவப் படிப்புகளில் சேர்த்தால்தான் கிராமங்களில் பணியாளர்கள் தங்குவார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது.

ஒரு சனிக்கிழமை போதும்

லீவு முடியும் முன்பு, நான் படித்த அரசுப் பள்ளியின் உயிரியல் டீச்சர் கூப்பிட்டார். பிளஸ் டூ சிறப்பு வகுப்புக்கு வந்திருந்த 41 பேரிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, தெரிந்த மருத்துவ வேலைகளை எழுதச் சொன்னேன். எல்லாத் தாளிலும் டாக்டர், நர்ஸ். சிலவற்றில் 'கம்பவுண்டர்', 'மருந்துக்கடை', '108 அண்ணன்'. அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். "முத்துலட்சுமி ரெட்டின்னா யாரு?" உடனே ஒரு பெண், "மாசமா இருக்கிறவங்களுக்கு வர்ற பணம்க்கா" என்றாள். வகுப்பே சிரித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்தது இதே புதுக்கோட்டையில்தான். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் பெயரில் வரும் பணம் எங்கள் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது. அவர் நம் ஊர்க்காரர் என்ற தகவல் மட்டும் வரவில்லை.

அப்பத்தாவின் 23 பேர் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பெர்ஃப்யூஷனிஸ்ட், ஆடியாலஜிஸ்ட் என்று மற்றதையும் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தனியாக வந்தான். "அக்கா, என் தங்கச்சிக்குக் காது கேக்காது. மெஷின் வச்சு, பேச்சுப் பயிற்சிக்கு அம்மா திருச்சிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அந்தப் பயிற்சி குடுக்குறவங்களோட படிப்புதானே நீங்க சொன்னது?" என்று கேட்டான். இத்தனை வருடம் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அது தானும் படிக்கக்கூடிய படிப்பு என்று அன்றுதான் நினைத்திருக்கிறான்.

டீச்சரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பெரிய பேச்சாளர்கள் வேண்டாம். உங்கள் பள்ளிக்கு அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். அங்கே டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர் எல்லோரும் இருப்பார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போங்கள். 'நீங்க என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க, எவ்ளோ செலவாச்சு?' இந்த மூன்றையும் பிள்ளைகளே கேட்கட்டும். நோட்டீஸ் வருவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

* சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கவுன்சலிங் நேரத்தில் கூட்டம் அலைமோதும்.
* அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள், அதற்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.
* அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். டிப்ளமோ படிப்பவர்களும் கேட்கலாம். கல்லூரி சேர்ந்ததும் அங்கேயே விசாரியுங்கள்.
* யாரிடமும் அசல் சான்றிதழ்களை 'சும்மா பார்க்க' என்று கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தி மகள் போன் செய்தாள். நர்சிங், துணை மருத்துவப் படிப்புக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டாயிற்றாம். இடம் கிடைக்குமா, எந்த ஊரில் கிடைக்கும் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். ஃபாரத்தை இந்த முறை அவளே நிரப்பியிருக்கிறாள். சரிபார்க்க மட்டும் மேலத்தெரு அக்காவிடம் கொடுத்தாளாம். அக்கா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குடி, அனுப்பு" என்றாராம்.

அப்பத்தா இப்போது வாக்கர் இல்லாமல் வாசல் வரை வருகிறார். ஆட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போகிறேன் என்று தினமும் சண்டை.

*(அடுத்த வாரம்: ஐ.டி.ஐ. சேர்க்கை. எந்த டிரேடுக்கு எங்கே வேலை?)*